பந்தியிலிருந்து எழுந்து போகிறவர்கள்

போன தை மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா மகனைக் காணோம். பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. மண்டபத்து மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்தவனை யாரோ போய் இழுத்து வந்து இலை முன்னால் உட்காரவைத்தார்கள். சாம்பார் வருவதற்குள், பெரியம்மா முறை ஆகும் ஒருவர் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அக்காவிடம் கேட்டுவிட்டார்: "ஏன்டி, உன் புள்ளைக்கு ஏதாவது இருக்கா? எந்த விசேஷத்துக்கு வந்தாலும் இப்படித்தான் ஓடி ஒளியுறான்."

அந்த 'ஏதாவது'வை அக்கா திரும்பும் வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தாள். பாசஞ்சர் வண்டியில் ஜன்னலோரம் பையன், காதில் இயர்போன். மயிலம் தாண்டியதும் அக்கா என் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்தாள். "நீதான் இதெல்லாம் படிச்சு எழுதுறியே. சொல்லுடா, இது சுபாவமா, வியாதியா?"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. தனிமை என்ற ஒரே சொல்லை நேரெதிரான இரண்டு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகக் கிடக்கும் அப்பா படுவதும் தனிமை. வீடு விழிக்கும் முன் காபி டம்ளரோடு பின்கட்டில் போய் உட்காரும் அம்மா தேடுவதும் தனிமை. முன்னது வலி, பின்னது ஓய்வு. பின்னதற்கு ஏகாந்தம் என்று அழகான சொல் ஒன்று இருந்தும் அதைச் சாமியார்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். இந்தக் கட்டுரைக்காக முன்னதைத் 'தனிமைத் துயர்' என்றும் பின்னதைத் 'தனித்திருத்தல்' என்றும் பிரித்து வைத்துக்கொள்கிறேன்.

உளவியலாளர்கள் இவை இரண்டையும் வெவ்வேறு வினாத்தாள்களால் அளக்கிறார்கள். தனிமைத் துயருக்காக லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1978-இல் 20 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உருவானது. அது எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. மனம்விட்டுப் பேச ஆள் இல்லை என்ற நினைப்பு எத்தனை தடவை வருகிறது என்பது போலக் கேட்கும். தனித்திருக்கும் விருப்பத்தை அளக்க ஜெர்ரி பர்கர் 1995-இல் வேறொன்று செய்தார். அதில் 12 இணைக் கூற்றுகள். ஒவ்வோர் இணையிலும் உங்களுக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றில் அதிக மதிப்பெண் வாங்குகிறவர் மற்றதிலும் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. விடுதி அறையில் ஏழு பேரோடு படுத்துக்கொண்டு தனிமைத் துயரில் அழுகிற மாணவர் உண்டு. வயல் மோட்டார் கொட்டகையில் ஒண்டியாகப் பொழுதைக் கழித்து, நிம்மதியாகத் தூங்கப் போகிறவரும் உண்டு.

இனி பந்திக்கு வருவோம். பரிமாறுகிறவர் வரிசையில் ஐந்து இலைகள் காலியாகக் கிடக்கின்றன என்று வையுங்கள். ஐந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். முதல் ஆளுக்கு வயிறு சின்னது. இரண்டு இட்லியில் நிறைந்துவிடும். சாப்பிட்டார், ரசித்தார், போதும். இரண்டாமவருக்கு நல்ல பசி. ஆனால் நாலு பேர் பார்க்கச் சாப்பிட்டால் கை நடுங்கும், புரையேறும். பசியோடு எழுந்து போய்விட்டார். மூன்றாமவருக்கு நாக்கில் ருசியே தெரிவதில்லை. பாயசமும் வெந்நீரும் அவருக்கு ஒன்று. நான்காமவர் சோற்றில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று நம்புகிறார். ஐந்தாமவர் போன மாதம் வரை வெளுத்துக்கட்டியவர். இப்போது காய்ச்சல், எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது.

சோற்றுக்குப் பதில் மனிதர்களின் கூட்டம் என்று போட்டுக்கொள்ளுங்கள். முதலாமவர் தனித்திருத்தலை விரும்புகிறவர். இரண்டாமவரிடம் இருப்பது கூச்சம். அது முற்றினால் மருத்துவர்கள் சமூகப் பதற்றம் என்பார்கள். மூன்றாமவரிடம் இருப்பதைச் 'சுவையறியாமை' என்று சொல்லலாம். உறவாடலில் வரும் இன்பமே எட்டாத நிலை. நான்காமவர் சந்தேக மனநிலையில், சில சமயம் மனச்சிதைவின் வாசலில் இருக்கிறார். ஐந்தாமவருக்கு மனச்சோர்வு. எட்டி நின்று பார்க்கிற பெரியம்மாவுக்குத் தெரிவது என்னவோ காலி இலை மட்டும்தான்.

குழந்தைகளிடம் இதை முறையாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானிய உளவியலாளர் ஜென்ஸ் ஆசென்டார்ப். விளையாட்டில் சேராமல் ஓரமாக நிற்கிற பிள்ளைகளை 1990-இல் அவர் இரண்டு விசைகளாகப் பார்த்தார்: மற்றவர்களை நோக்கி இழுக்கும் விசை, அவர்களிடமிருந்து தள்ளும் விசை. கூச்சக்காரப் பிள்ளையிடம் இரண்டுமே பலமாக இருக்கும். கோலிக்குண்டு ஆடுகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி நின்று, ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு, கிட்டவும் போகாமல் வீட்டுக்கும் போகாமல் தவிக்கும். தனித்திருக்க விரும்பும் பிள்ளையிடம் இரண்டுமே மெலிவு. அது தன்பாட்டில் மண்ணில் வீடு கட்டும்; கூப்பிட்டால் வந்து ஆடும்; ஆட்டம் முடிந்தால் மண்வீட்டுக்குத் திரும்பிவிடும். இழுப்பு குறைந்து தள்ளல் மட்டும் பலமாக இருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கூப்பிட்டால் வருகிறதா, வந்தால் முகம் மலர்கிறதா என்று பத்து நிமிடம் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பேன். நாமோ கூப்பிடுவதற்குப் பதில் இழுத்துக்கொண்டு வருகிறோம்.

பசி என்பது வெறும் உவமைதானா என்று கேட்கலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் லிவியா டோமோவாவும் சகாக்களும் 40 பேரை ஒரு நாள் 10 மணி நேரம் ஓர் அறையில் தனியே வைத்தார்கள், செல்போன்கூடக் கிடையாது. இன்னொரு நாள் அதே ஆட்களை 10 மணி நேரம் பட்டினி போட்டார்கள். பிறகு மூளையைப் படம்பிடித்தபடி, மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படங்களையும் தின்பண்டப் படங்களையும் காட்டினார்கள். பட்டினிக்குப் பின் உணவுப் படத்துக்கு நடுமூளையின் எந்தப் பகுதி துள்ளியதோ, தனிமைக்குப் பின் மனிதர்களின் படத்துக்கும் அதே பகுதி துள்ளியது. 2020-இல் வெளியான இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது ஓர் ஓரச் செய்தி: வழக்கமாகவே தனிமையை அதிகம் உணர்கிறவர்களிடம் அந்தத் துள்ளல் குறைவாக இருந்தது. நெடுநாள் அரைவயிறாக இருக்கிறவருக்குப் பசி மந்திப்பதைப் போல.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சோதனை உண்டு. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் டிமத்தி வில்சன் குழு ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் சும்மா உட்காரச் சொன்னது. படிக்கக் கூடாது, தூங்கக் கூடாது, யோசித்துக்கொண்டு இருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் லேசாக மின்சாரம் சுண்டும். காசு கொடுத்தாவது இந்த அதிர்ச்சியைத் தவிர்ப்பேன் என்று முன்பே சொன்னவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் ஒரு தடவையாவது அழுத்திக்கொண்டார்கள். தனியே இருக்கத் தெரியாதது ஒரு நோய் என்று யாராவது புத்தகம் போட்டிருந்தால் அந்த 18 பேரும் இன்று நோயாளிகள். இந்தப் பக்கத்தில் எவரும் கோடு போடாததற்குக் காரணம், கூட்டத்தில் கலப்பவர்களே கோடு போடுகிற இடத்தில் அதிகம் இருப்பதுதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒருவருக்கு வயிறு ஏன் சின்னதாக இருக்கிறது? கார்ல் யுங் 1921-இல் மனிதர்களை அகமுகர், புறமுகர் என்று பிரித்தார். பின்னால் வந்த ஹான்ஸ் ஐசென்க், அகமுகரின் மூளை இயல்பிலேயே கொஞ்சம் கூடுதலாக விழித்திருக்கிறது என்றார். ஏற்கெனவே சத்தமாகப் பாடுகிற ரேடியோவை இன்னும் ஒரு திருகு திருகினால் காது வலிக்கும், அவ்வளவுதான். நாக்கில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் அகமுகருக்கு அதிகம் எச்சில் ஊறுகிறது என்று 1960-களில் சோதனைகள் காட்டின. வகுப்பறையில் செய்துகாட்ட அருமையான சோதனை. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விடை வரவில்லை. ஐசென்க்கின் விளக்கம் இன்று அரைகுறையாகத்தான் நிற்கிறது. உறுதியாக நிற்பது இரட்டையர் ஆய்வுகள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் கலகலப்பில் ஒத்துப்போகும் அளவையும், வேறு வேறு கருவில் வந்த இரட்டையர் ஒத்துப்போகும் அளவையும் ஒப்பிட்டால், ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பிறவியோடு வருகிறது என்று தெரிகிறது. "அவங்க தாத்தா மாதிரி, நாலு வார்த்தை பேசினா அதிகம்" என்று வீட்டில் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் வியாதி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மனச்சிதைவுக்குப் பெயர் வைத்த சுவிஸ் மருத்துவர் ஒய்கன் ப்ளாய்லர்தான், நோயாளிகளிடமும் அவர்களின் உறவினரிடமும் கண்ட ஒட்டாத, உள்ளொடுங்கிய சுபாவத்துக்கு 'ஸ்கிசாய்டு' என்று பெயர் வைத்தார். நாம் 'ஒட்டாத ஆளுமை' என்று சொல்லிக்கொள்ளலாம். பல்லாண்டுகளாக, விலகி நிற்கிற எல்லோரையும் அந்த ஒரே பெட்டியில் போட்டார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அந்தப் பெட்டியை மூன்றாக உடைத்தது: நெருங்க ஆசையில்லாதவர், ஆசையிருந்தும் அவமானத்துக்கு அஞ்சி ஒதுங்குகிறவர், விசித்திரமான எண்ணங்களோடு விலகி நிற்கிறவர். ஆசை இருக்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் கேள்வியாகவே ஆயிற்று.

இன்றைய பதிப்பில் ஒட்டாத ஆளுமைக் கோளாறுக்கு ஏழு அடையாளங்கள் இருக்கின்றன; அவற்றில் குறைந்தது நான்கு பொருந்த வேண்டும். எப்போதும் தனிச் செயல்களையே தேர்ந்தெடுப்பது அந்த ஏழில் ஒன்றுதான். மற்றவற்றைப் பாருங்கள்: குடும்பத்தோடுகூட நெருக்கம் வேண்டாமை, நெருங்கிய நண்பர் இல்லாமை, தாம்பத்திய நாட்டமின்மை, எதிலும் பெரிதாக மகிழ்ச்சி காணாமை, பாராட்டினாலும் திட்டினாலும் ஒன்றுபோல் இருத்தல், உணர்ச்சி வறட்சி. இவையும் தற்காலிகமாக அல்ல, வாலிபத்திலிருந்தே வாழ்க்கையின் எல்லா மூலைகளிலும் தெரிய வேண்டும்; அதனால் அவதியோ வாழ்க்கை முடக்கமோ இருக்க வேண்டும். மாடியில் உட்கார்ந்ததற்காக மட்டும் இந்தப் பெயர் கிடைக்காது.

உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி போய்ப் பெட்டிகளையே தூக்கிப் போட்டுவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் ஒட்டாத ஆளுமை என்ற தனிப்பெயர் இல்லை. ஆளுமைச் சிக்கல் எவ்வளவு கடுமை என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு அது எந்தப் பண்புக்கூறின் பக்கம் சாய்கிறது என்று குறிக்கிறார்கள். 'விலகல்' அப்படிப்பட்ட ஐந்து பண்புக்கூறுகளில் ஒன்று. ரத்த அழுத்தம் மாதிரி யோசித்தால் புரியும். எல்லோருக்கும் அழுத்தம் இருக்கிறது. இந்த எண்ணுக்கு மேல் போனால் நோய் என்று மருத்துவர்கள் கூடிப் பேசிக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு ஒரு புள்ளி இந்தப் பக்கம் இருப்பவரும் அந்தப் பக்கம் இருப்பவரும் இரண்டு ஜாதி அல்ல. ஆகவே 'சுபாவமா வியாதியா' என்ற அக்காவின் கேள்வியில் அந்த 'அல்லது' கொஞ்சம் தப்பு. சுபாவம் ஓர் அளவுகோல். வியாதி அதில் ஓரிடத்துக்குப் பிறகு, வாழ்க்கை முடங்கும்போது, நாம் வைக்கிற பெயர்.

அந்தக் கோட்டை ஊரும் நகர்த்தும். ஷாங்காயில் ஷின்யின் சென் குழு பள்ளிப் பிள்ளைகளை 1990-இலும் 1998-இலும் 2002-இலும் ஆராய்ந்தது. 1990-இல் கூச்ச சுபாவப் பிள்ளைகளைச் சக மாணவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆசிரியர்கள் மெச்சினார்கள், படிப்பிலும் அவர்கள் நன்றாக இருந்தார்கள். 2002-இல் அதே சுபாவம் ஒதுக்கப்படுவதோடும் மனச்சோர்வோடும் சேர்ந்து நின்றது. இடையில் பிள்ளைகளின் மரபணு மாறிவிடவில்லை. நகரம் சந்தையாக மாறியிருந்தது. முந்திக்கொண்டு பேசுகிறவனுக்கு மதிப்பு வந்திருந்தது. நம்மூரில் 'அடக்கமான பையன்' என்ற பாராட்டு, கேம்பஸ் இன்டர்வியூ காலத்தில் 'கம்யூனிகேஷன் இல்லை' என்று ஆனதும் இதே கதைதான். நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறது. சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, சமய வழக்கங்களுக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது.

அதற்குள் வண்டி விக்கிரவாண்டியை நெருங்கியிருந்தது. இந்தத் தண்டவாளத்தோடு ஒட்டிய ஒரு பழைய சம்பவம் எனக்கு நினைவுக்கு வந்தது.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வெங்கட்ராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். போக வேண்டிய இடம் திருவண்ணாமலை. பழைய தேசப்படத்தில் அதற்கு அருகே தெரிந்த ஸ்டேஷன் திண்டிவனம் என்பதால் 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று உடன் வந்த ஒரு மௌல்வி சொல்ல, பின்னிரவு மூன்று மணிக்கு விழுப்புரத்தில் இறங்கினான். விடிந்ததும் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டான். கையில் இருந்தது இரண்டரை அணா என்று தெரிந்ததும் கடைக்காரர் காசு வாங்கவில்லை. மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. திருக்கோவிலூரில் கடுக்கனை அடகு வைத்து மீதி டிக்கெட். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. பிற்காலத்தில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தவர் அவர்தான். நரசிம்மசுவாமி 1931-இல் எழுதிய வரலாற்றில் இந்தப் பயணம் அணாக் கணக்கு உட்பட இருக்கிறது.

இறந்துபோன ஒருவருக்கு நோய்ச்சீட்டு எழுதுவது அநாகரிகம், எழுதப் போவதில்லை. என் கேள்வி வேறு. 1896 கடைசியில், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குழியில், பூச்சிகள் கடித்துத் தொடை புண்ணானதும் தெரியாமல், பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பையனை மருத்துவர் ஒருவர் பார்த்திருந்தால் என்ன குறித்திருப்பார்? ஆறு வாரத்துக்குள் திடீர் மாற்றம், படிப்பை விட்டது, வீட்டைத் துறந்தது, உடலைக் கவனிக்காதது. எல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் எச்சரிக்கைக் குறிகள். அதே மருத்துவர் 1930-களில் ரமணாசிரமத்துக்கு வந்திருந்தால்? விடியுமுன் சமையலறையில் காய் நறுக்குகிற, பத்திரிகை படிக்கிற, அச்சுப்படி திருத்துகிற, வந்தவர் சாப்பிட்டாரா என்று விசாரிக்கிற ஒருவரைத்தான் கண்டிருப்பார். ஒற்றைப் புகைப்படத்தை வைத்துச் சொல்ல முடியாது, படம் ஓட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. படம் ஓடுவதற்கு ஊரும் உதவியது. கல்லெறிந்த சிறுவர்களிடமிருந்து காக்கச் சேஷாத்திரி சுவாமிகள் என்ற துறவி இருந்தார். குழியிலிருந்து தூக்கி வந்து சோறு ஊட்ட ஆட்கள் இருந்தார்கள்.

இந்தக் கதையைத் தவறாகவும் பயன்படுத்தலாம். பையன் ஞானியாகப் போகிறான் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டுகிறது. விலகிப் போவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினம். இன்னொரு வைத்தியம் கால்கட்டு. கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ருசி தெரியாதவர் தட்டில் இன்னொருவரின் வாழ்க்கையைப் பரிமாறுகிற காரியம் அது.

அக்காவிடம் நான் கேட்டவை இவைதான். சின்ன வயதிலிருந்தே இப்படியா, இல்லை இந்த ஆறு மாதமாகவா? முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா? தூக்கம், குளியல், சாப்பாடு, மார்க் எப்படி? யாரோ பேசுகிறார்கள், பார்க்கிறார்கள் என்கிறானா? வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரி ஏதாவது சொன்னானா? ஒரே ஒரு நண்பனாவது உண்டா? மாற்றம் புதிது என்றாலோ, கடைசிக் கேள்விகளில் மனம் இடறினாலோ யோசிக்காமல் போக வேண்டிய இடம் அப்போது ஜன்னலுக்கு வெளியே வந்துகொண்டிருந்தது: முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போகக் கூச்சம் என்றால் அரசின் டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

"பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்டா," என்றாள் அக்கா. "ஆனா வீட்டுல நல்லாத்தான் பேசுவான். சண்டைகூடப் போடுவான்."

விழுப்புரத்தில் இறங்கி மேம்பாலப் படி ஏறும்போது, பையன் என்னோடு நடந்துவந்தான். மாடியில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"கீழ ஒரே சத்தம் மாமா. மைக் செட்டு பக்கத்துலயே எங்களுக்கு எடம் போட்டுட்டாங்க. மேல சமையல்காரர் பையன் இருந்தான். என் போன்ல செஸ் ஆடினோம்."

"யார் ஜெயிச்சது?"

"அவன்தான். ரெண்டு ஆட்டமும்," என்றான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு இன்னும் கோபம் தணியவில்லை.